நேட்டால் தமிழர் கொடிவழி ஆய்வு

நேட்டால் தமிழர் கொடிவழி ஆய்வு என்பது, 1860ஆம் ஆண்டுக்கும் 1911ஆம் ஆண்டுக்கும் இடையில் ஒப்பந்தத் தொழிலாளராகத் தென்னாபிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள், தம் முன்னோரையும் அவர்கள் புறப்பட்ட ஊரையும் ஆவணங்களின் துணையோடு கண்டறியும் முயற்சியைக் குறிக்கும். இதில் ஈடுபடுவோரில் பெரும்பாலானோர் வரலாற்றுத் துறை சாராத தன்னார்வலர்கள் ஆவர். கப்பல் பதிவேடுகள், இறப்பு அறிவிப்புகள், சொத்துக் கோப்புகள் முதலியன இணையத்தில் கிடைக்கத் தொடங்கிய பின்னர், ஆவணக் காப்பகத்துக்கு நேரில் செல்லாமலேயே இவ்வாய்வின் பெரும்பகுதியைச் செய்ய முடிகிறது.

நேட்டாலில் இறங்கிய ஒவ்வொரு தொழிலாளருக்கும் குடியேற்ற எண் ஒன்று வழங்கப்பட்டது. தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பலவாறு சிதைந்தமையாலும், ஒரே பெயர் கொண்டோர் மிகப் பலர் இருந்தமையாலும், ஒருவரை உறுதியாக இனங்காண உதவும் தலையாய சான்று இவ்வெண்ணே ஆகும்.

பின்னணி

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதை அடுத்து, இந்தியத் தொழிலாளரை வரவழைக்க வழிசெய்யும் சட்டத்தை நேட்டால் குடியேற்ற அரசு 1859இல் இயற்றியது. சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் நவம்பர் 16, 1860 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெல்விடியர் அதே மாத இறுதியில் வந்து சேர்ந்தது. 1866இல் நிறுத்தப்பட்ட குடியேற்றம் 1874இல் மீண்டும் தொடங்கி 1911 வரை நடைபெற்றது. இக்காலப்பகுதியில் 384 கப்பற் பயணங்களில் 152,184 பேர் வந்தனர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தோர். தமிழரும் தெலுங்கருமே இவர்களுள் மிகுதி.

தொழிலாளர்கள் பொதுவாக ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தனர். முதலாண்டில் மாதம் 10 சில்லிங்கு கூலியாகவும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு சில்லிங்கு கூடுதலாகவும் வழங்கப்பட்டது. பத்தாண்டுகள் தங்கியோருக்கு இலவசமாக நாடு திரும்பும் உரிமை இருந்தது. சிலர் திரும்பினர்; பலர் அங்கேயே தங்கித் தோட்டப் பயிர், மீன்பிடி, சிறு வணிகம் ஆகியவற்றில் ஈடுபட்டனர். ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதோர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதித்தது. 1913ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின்னர், 1914இல் இவ்வரி நீக்கப்பட்டது.

நேட்டால் தமிழர் அனைவரும் ஒப்பந்தத் தொழிலாளரின் வழிவந்தவர் அல்லர். சொந்தச் செலவில் வணிகத்துக்காகவும் பிற தொழில்களுக்காகவும் வந்தோரும், மொரிசியசிலிருந்து வந்து குடியேறியோரும் இருந்தனர். இவர்கள் பெயர் கப்பல் பதிவேடுகளில் இராது. ஆகவே பதிவேட்டில் பெயர் கிடைக்காமை ஒருவர் வரவே இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

கப்பல் பதிவேடுகள்

ஒவ்வொரு கப்பலிலும் வந்தோரின் விவரம் இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத்தின் பதிவேடுகளில் எழுதிவைக்கப்பட்டது. பதிவேட்டில் பொதுவாகக் காணப்படும் விவரங்கள் பின்வருமாறு:

- குடியேற்ற எண்
- பெயர், தந்தை பெயர்
- அகவை, பால்
- சாதி அல்லது சமயம்
- மாவட்டம், வட்டம், ஊர்
- உயரம், உடல் அடையாளங்கள்
- கப்பலின் பெயர், வந்தடைந்த நாள்
- பணிக்கு அமர்த்தியவரின் பெயர்

சில பதிவுகளில், நாடு திரும்பியமை, இறப்பு, வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டமை ஆகியவை குறித்த பிற்காலக் குறிப்புகளும் உள்ளன. ஒரே குடும்பமாக வந்தோருக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்கள் வழங்கப்பட்டன. ஆதலால் ஒருவரின் எண் கிடைத்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில பதிவுகளையும் படிப்பது நல்லது. மனைவி, குழந்தைகள், உடன்பிறந்தோர், அதே ஊரிலிருந்து சேர்ந்து புறப்பட்டோர் ஆகியோரை இவ்வாறு கண்டறியலாம்.

ஒரே கப்பல் பலமுறை வந்துள்ளதையும் கருத்திற்கொள்ள வேண்டும். அம்லாசி, அம்வோட்டி, காங்கெல்லா, பொங்கோலா போன்ற கப்பல்கள் பல பயணங்கள் மேற்கொண்டன. எனவே கப்பலின் பெயரோடு பயண வரிசை எண்ணையோ வந்தடைந்த நாளையோ சேர்த்துக் குறிக்காவிடில் பதிவை மீண்டும் தேடி எடுப்பது கடினம்.

பதிவேடுகளின் நம்பகத்தன்மை

இப்பதிவேடுகள் தொழிலாளரைக் கணக்கில் வைத்திருக்கவும் கட்டுப்படுத்தவும் உருவாக்கப்பட்டவை. சென்னையில் இருந்த எழுத்தர்கள், தமிழிலும் தெலுங்கிலும் சொல்லப்பட்டதைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினர். அகவை பெரும்பாலும் மதிப்பீடே. கடன், குடும்பப் பகை, வழக்கு முதலிய காரணங்களால் சிலர் தம் பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

ஆண்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறிப்பிட்ட விகிதத்தில் பெண்களும் கப்பலில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இதனால் புறப்படும் முன் தங்கவைக்கப்பட்ட முகாமிலேயே சிலர் இணைந்து கணவன் மனைவியாகப் பதிவு செய்துகொண்டனர். கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு மாவட்டமோ சாதியோ குறிக்கப்பட்டிருந்தால் அதனை எழுத்தரின் பிழை என்று உடனே தள்ளிவிடக் கூடாது.

இணையத்தில் கிடைக்கும் மூலங்கள்

- கப்பல் பதிவேட்டுத் தரவுத்தளம்: மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இவற்றின் விவரங்கள் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் கணினியில் ஏற்றப்பட்டன. அப்பல்கலைக்கழகம் 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்துடன் இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது. அதன் காந்தி-லுத்துலி ஆவண மையம் கப்பல் பட்டியல்களை இணையத்தில் வெளியிட்டது.
- குடும்பத் தேடல்: இது பிந்நாள் புனிதர்களின் இயேசு கிறித்து திருச்சபை நடத்தும், 1999இல் தொடங்கப்பட்ட இலவச இணையத் தளம். அச்சபையின் கொடிவழிக் கழகம் 1938 முதல் பல நாட்டு ஆவணங்களை நுண்படச் சுருள்களில் பதிவுசெய்து வந்தது. 24 இலட்சம் சுருள்களை எண்ணிமப்படுத்தும் பணி 2021இல் நிறைவுற்றது. பீட்டர்மரிட்சுபர்க் சொத்துக் கோப்புகளும் நேட்டால் குடிசார் பதிவுகளும் இத்தளத்தில் உள்ளன.
- தென்னாபிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்பு அட்டவணை: இதில் கோப்புகளின் தலைப்பும் எண்ணும் மட்டுமே கிடைக்கும். கோப்பைக் காப்பகத்தில் கேட்டுப் பெற வேண்டும். இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகளில் தொழிலாளரின் முறையீடுகளும் விண்ணப்பங்களும் அடங்கியுள்ளன.
- கல்லறைப் படங்கள்: தென்னாபிரிக்கத் தன்னார்வலர்கள் இடுகாடுகளில் எடுத்த கல்லறைக் கற்களின் படங்களைத் தொகுத்து இணையத்தில் ஏற்றியுள்ளனர். எரியூட்டும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இவை குறைவாகவே உதவும்.

பொதுவாக மேலைநாட்டுக் கொடிவழி ஆய்வில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள் முதன்மையான மூலமாக உள்ளன. இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் இத்தகைய ஆள்வாரிப் படிவங்கள் பாதுகாக்கப்படாமையால் அவ்வழி இங்கு இல்லை. அந்த இடத்தைப் பெருமளவு நிரப்புவது கப்பல் பதிவேடு எனலாம்.

ஆய்வு முறை

கொடிவழி ஆய்வின் அடிப்படை விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வதாகும். கப்பல் பதிவேட்டில் நேரடியாகப் பெயரைத் தேடி, பொருந்துவது போல் தோன்றும் ஒருவரை முன்னோராகக் கொள்வது புதிதாக இத்துறைக்கு வருவோரிடம் பரவலாகக் காணப்படும் தவறாகும்.

1. முதியோரைக் கேட்டறிதல்

குடும்பத்தின் மூத்தோரிடம் பெயர்கள், ஊர்கள், வேலை செய்த தோட்டம், குலதெய்வம், மண உறவுகள் ஆகியவற்றைக் கேட்டு, சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதிக்கொள்ள வேண்டும். உறவுமுறைச் சொல்லைத் தமிழிலேயே குறிப்பது இன்றியமையாதது. பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், தந்தை வழியா தாய் வழியா என்பது மறைந்துவிடும். தமிழ் அறியாத பிற்காலத் தலைமுறையினர் உறவுமுறைச் சொல்லையே ஒருவரின் இயற்பெயராக எண்ணியிருப்பதும் உண்டு.

1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் பல இந்தியக் குடும்பங்கள் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, சாட்சுவர்த், பீனிக்சு போன்ற புதிய குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அவ்விடப்பெயர்ச்சியில் குடும்பத் தாள்கள் தொலைந்தன. ஒரே தோட்டத்தில் வாழ்ந்த உறவினர் பிரிந்தனர். ஆவணம் எப்போதும் காப்பகத்தில் இருக்கும். அதனை எந்தப் பெயரில் தேடுவது என்று சொல்லக்கூடிய முதியவர் எப்போதும் இருப்பதில்லை. ஆகவே இணையத் தேடலுக்கு முன்னரே இப்பணியைச் செய்வது பொருத்தமானது.

2. இறப்பு அறிவிப்பும் சொத்துக் கோப்பும்

நேட்டாலில் ஒருவர் இறந்ததும் நிரப்பப்பட்ட இறப்பு அறிவிப்பில், அவரது பெற்றோர், பிறந்த இடம், அகவை, துணைவர், பிள்ளைகள் ஆகியோர் பெயர்கள் கேட்கப்பட்டன. சொத்து விட்டுச் சென்றோருக்குத் தனிக் கோப்பு திறக்கப்பட்டது. ஒரே தாளில் மூன்று தலைமுறைகள் காணக்கிடைப்பதால் இது மிகப் பயனுள்ள ஆவணம். ஆயினும் பெற்றோர் பெயரைச் சொன்னவர் இறந்தவரின் மகனோ மருமகனோ ஆவார். அவர் இந்தியாவை நேரில் கண்டிராதவராகவும் இருக்கலாம். தகவல் தந்தவர் யார் என்பதைக் கோப்பின் இறுதியிலுள்ள கையொப்பத்தால் அறியலாம்.

3. மணப் பதிவும் பிறப்புப் பதிவும்

1891ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டம், இந்தியரின் மணங்களைப் பாதுகாவலரிடம் பதிவு செய்ய வழிவகுத்தது. கோயிலில் நடந்த பல மணங்கள் பதிவு பெறவில்லை. பிற்காலத்தில் முதுமையில் தம் மணத்தைப் பதிவு செய்தோரும் உள்ளனர். எனவே பதிவு நாளை மண நாளாகக் கொண்டு பிள்ளைகளின் அகவையோடு முரண்படுகிறது எனக் கருதுதல் கூடாது.

4. குடியேற்ற எண்ணைக் கண்டறிதல்

ஒப்பந்தம் முடிந்தமைக்கான விடுதலைச் சான்று, மணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, மூன்று பவுண்டு வரிப் பற்றுச்சீட்டு, பாதுகாவலருக்கு எழுதிய விண்ணப்பம் ஆகியவற்றில் குடியேற்ற எண் குறிக்கப்பட்டிருக்கும். நேட்டாலில் பிறந்தோரின் பதிவுகளில் பெற்றோரின் எண் காணப்படுவதுண்டு. இவ்வெண் கிடைத்தவுடன் கப்பல் பதிவேட்டில் அதனைத் தேடினால், பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும் உரிய ஆளை அடையலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையான ஒரு குடும்பத்தில், “முனுசாமி தாத்தா அம்லாசி கப்பலில் வந்தார், ஊர் ஆற்காடு” என்ற செவிவழிச் செய்தி மட்டும் இருப்பதாகக் கொள்வோம். தரவுத்தளத்தில் முனுசாமி என்ற பெயர் பல்வேறு எழுத்துக்கூட்டல்களில் மிகப் பலருக்கு உண்டு. கப்பலையும் மாவட்டத்தையும் கொண்டு வடிகட்டிய பின் இருவர் எஞ்சுகின்றனர். ஒருவரின் தந்தை பெயர் பெருமாள், மற்றவரின் தந்தை பெயர் சின்னையன். இவர்களில் யார் என்பதைப் பதிவேட்டைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.

இப்போது மகனின் இறப்பு அறிவிப்பைத் தேடி, அதிலிருந்து பிறந்த ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் பெற வேண்டும். அவ்விவரத்தைக் கொண்டு மகனின் பிறப்புப் பதிவைத் தேடினால் தந்தையின் குடியேற்ற எண் கிடைக்கலாம். அவ்வெண் சின்னையன் மகன் முனுசாமியுடையதாயின் ஐயம் தீர்ந்தது. எண் கிடைக்காவிடில், இருவரும் எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டனர், எவரேனும் நாடு திரும்பினரா, இறந்தனரா எனப் பார்த்து ஒருவரை விலக்க முயலலாம். அதுவும் இயலாதபோது, கொடிவழியில் இரு பெயரையும் ஐயத்துக்குரியவை எனக் குறித்து நிறுத்திக்கொள்வதே முறையாகும்.

பெயர்ச் சிக்கல்கள்

எழுத்துக்கூட்டல்

தமிழில் ஒரே எழுத்தால் குறிக்கப்படும் ஒலிகள் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகளைப் பெற்றன. குப்புசாமி என்னும் பெயர் ‘சி’ எழுத்திலும் ‘கே’ எழுத்திலும் தொடங்கும். லட்சுமி, முனியம்மா, வீராசாமி, வெங்கடசாமி போன்ற பெயர்களுக்கும் பல வடிவங்கள் உண்டு. பெயரின் ஈற்றில் வரும் ‘அன்’, ‘அம்மா’, ‘சாமி’ போன்றவை விடுபட்டிருக்கவும் கூடும். ஆகவே தேடும்போது பெயரின் நடுப்பகுதியை மட்டும் கொடுத்து, முன்னும் பின்னும் உடுக்குறி இட்டுத் தேடுவது பயன்தரும்.

ஒலிக்குறி முறையின் குறைபாடு

ஆங்கிலக் கொடிவழித் தளங்கள், ஒத்த ஒலியுடைய பெயர்களை ஒன்றுசேர்க்க சவுண்டெக்சு என்னும் முறையைப் பயன்படுத்தி வந்துள்ளன. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இம்முறையில், பெயரின் முதல் எழுத்து அப்படியே நிற்க, ஏனைய மெய்யெழுத்துகள் எண்களாக மாற்றப்படும். இதன்படி மூன்சாமி, முன்சாமி, முனுசாமி ஆகிய மூன்றும் எம்525 என ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. ஆனால் குப்புசாமி, முதல் எழுத்தைப் பொறுத்து சி125 என்றும் கே125 என்றும் இரு வேறு குறியீடுகளைப் பெறுவதால், ஒன்றைத் தேடுவோருக்கு மற்றது கிடைக்காது. க, ச, த, ப ஆகிய எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை இரண்டு மூன்று முதலெழுத்துகளில் தனித்தனியே தேட வேண்டும்.

குடும்பப் பெயராக மாறிய தந்தை பெயர்

தமிழரிடையே நிலையான குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. தந்தையின் இயற்பெயர் பிள்ளையின் பெயருக்கு முன் வரும். அடுத்த தலைமுறையில் அது மறையும். நேட்டாலின் பதிவு முறையோ குடும்பப் பெயரை வேண்டி நின்றது. இதனால் ஒரு கட்டத்தில் தந்தையின் அல்லது பாட்டனின் பெயர் உறைந்து குடும்பப் பெயராயிற்று. பெருமாள், முனுசாமி, சின்னசாமி, ஆறுமுகம், வீராசாமி ஆகியவை இன்று தென்னாபிரிக்காவில் குடும்பப் பெயர்களாக வழங்குவது இதனாலேயாம். ஒரே பாட்டனின் இரு மக்கள் வெவ்வேறு குடும்பப் பெயரைப் பெற்றிருப்பதும் உண்டு.

வேறு சிலர் சாதிப் பட்டங்களைக் குடும்பப் பெயராகக் கொண்டனர். நாயுடு, பிள்ளை, முதலி, ரெட்டி, செட்டி, நாயக்கர், படையாட்சி என்பன இவ்வாறு வந்தவை. கவுண்டர் என்பதே நேட்டாலில் ‘கவெண்டர்’ எனத் திரிந்தது என்பர். இப்பட்டங்களுள் சில நேட்டாலுக்கு வந்த பின்னர் ஏற்கப்பட்டவை. எனவே இன்றைய குடும்பப் பெயரும் கப்பல் பதிவேட்டின் சாதிக் குறிப்பும் ஒத்திராமல் போகலாம்.

ஊரை இனங்காணல்

கப்பல் பதிவேட்டில் உள்ள மாவட்டம் அன்றைய சென்னை மாகாண மாவட்டம் ஆகும். இன்றைய மாவட்டங்களில் அதே பெயரைத் தேடினால் தவறு நேரும். முதன்மையான சில மாவட்டங்களின் பிற்காலப் பிரிவினைகள் வருமாறு:

- வட ஆற்காடு: இதன் ஒரு பகுதி 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. எஞ்சியது 1989இல் வேலூரையும் திருவண்ணாமலையையும் தலைமையிடமாகக் கொண்ட இரு மாவட்டங்கள் ஆனது. 2019இல் வேலூர் மாவட்டம் மேலும் பிரிக்கப்பட்டு இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் தோன்றின.
- தென் ஆற்காடு: 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது.
- செங்கல்பட்டு: 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது.
- தஞ்சாவூர்: 1991இல் நாகப்பட்டினமும், பின்னர் 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் உருவாயின.
- சேலம்: 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது.

ஒரே பெயருடைய ஊர்கள் மற்றொரு சிக்கலாகும். எடுத்துக்காட்டாக, திருப்பத்தூர் என்னும் வட்டம் இரண்டு உண்டு. ஒன்று 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து, பின் வட ஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. மற்றது அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்து இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. பதிவேட்டின் மாவட்டப் பெயரே இவற்றை வேறுபடுத்தும். புதூர், மேட்டுப்பாளையம் போன்ற ஊர்ப்பெயர்கள் பல வட்டங்களில் உள்ளன. ஆகவே மாவட்டம், வட்டம், ஊர் என்ற வரிசையில் இறங்கி வருவதே முறை. வட்டம் தெளிவாயின், இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் பழைய மாவட்டக் கையேடுகளிலும் நிலப்படங்களிலும் ஊரைத் தேடலாம்.

ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவத்தை உரக்கப் படித்து, அது எந்தத் தமிழ்ச் சொல்லாக ஒலிக்கிறது எனத் தமிழ் அறிந்தவரிடம் கேட்பது பயனுள்ள வழியாகும். வந்தவாசி, குடியாத்தம், திருச்சிராப்பள்ளி, திருநெல்வேலி ஆகியவற்றின் பழைய ஆங்கில வடிவங்கள் இன்றைய வடிவங்களிலிருந்து பெரிதும் வேறுபட்டவை.

குலதெய்வமும் வழிபாட்டு முறையும் துணைச் சான்றாகலாம். திரௌபதி அம்மன் தீமிதி விழா வட, தென் ஆற்காட்டுப் பகுதிகளில் செல்வாக்குப் பெற்றது. நேட்டாலிலும் தீமிதி நடைபெற்று வருகிறது. ஆயினும் ஒரு தோட்டத்தில் வாழ்ந்த பல ஊரினரும் ஒரே கோயிலில் வழிபட்டமையால் இதனை மட்டும் கொண்டு ஊரை முடிவு செய்ய இயலாது.

தமிழ்நாட்டில் ஆய்வைத் தொடர்தல்

ஊர் தெரிந்த பின்னரும் அங்குள்ள உறவினரைக் கண்டறிவது அரிதாகவே நிகழ்கிறது. நிலமற்ற உழவுத் தொழிலாளர் குடும்பங்களின் பெயர் நில ஆவணங்களில் இராது. தமிழக அரசின் இணையச் சேவையில் கிடைக்கும் பட்டா, சிட்டா ஆகியவை இன்றைய உரிமையாளரையே காட்டும். கிறித்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் உதவலாம். ஏனையோருக்கு ஊர்ப் பெரியோர், கோயில் பங்காளிகள், குலதெய்வக் கோயில் பூசாரி ஆகியோரிடம் உள்ள வாய்மொழிச் செய்திகளே மூலமாக அமையும். ‘கடல் கடந்து போய்த் திரும்பாதவர்’ என்ற நினைவு சில குடும்பங்களில் பெயரோடு எஞ்சியிருக்கலாம். அவ்வாறு கிடைக்கும் செய்தியைத் தந்தை பெயர், சாதி, புறப்பட்ட காலம் ஆகிய மூன்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

மரபணுச் சோதனை

ஆவணம் கிடைக்காத இடத்தில் வணிக நிறுவனங்கள் நடத்தும் மரபணுச் சோதனையைச் சிலர் நாடுகின்றனர். பெற்றோரின் உடன்பிறந்தார் மக்கள் சராசரியாக 12.5 விழுக்காடும், அடுத்த நிலை உறவினர் 3.1 விழுக்காடும், அதற்கடுத்த நிலையினர் 0.8 விழுக்காடும் மரபணுவைப் பகிர்வர். தென்னாபிரிக்காவில் பிரிந்துபோன உறவினரை இணைக்க இது உதவும். நூறாண்டுகளுக்கு முன் பிரிந்த தமிழ்நாட்டு உறவினரைக் கண்டறிய, அவர்களும் சோதனை செய்திருக்க வேண்டும்.

தமிழரிடையே மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் ஆகியோரை மணக்கும் வழக்கம் உண்டு. இதனால் தொலைவான உறவினரும் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலான மரபணுவைப் பகிர்ந்து, நெருங்கிய உறவினர் போலத் தோன்றுவர். சோதனை நிறுவனம் தரும் உறவு மதிப்பீட்டை இதனைக் கருத்திற்கொண்டே படிக்க வேண்டும். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் நிகழ்ந்த தரவுக் கசிவு ஏறத்தாழ 69 இலட்சம் பேரைப் பாதித்தது. ஒருவரின் மரபணுத் தரவு அவரது உறவினரைப் பற்றியும் சொல்வதால், சோதனைக்கு முன் குடும்பத்தாரிடம் கலந்துகொள்வது நன்று.

தகவல்களைத் தொகுத்தல்

முன்னோரை வரிசைப்படுத்த எளிய எண்முறை ஒன்று உண்டு. ஆய்வைத் தொடங்குபவருக்கு 1 என்ற எண் தரப்படும். எந்த ஒருவரின் எண்ணையும் இரண்டால் பெருக்கினால் தந்தையின் எண்ணும், அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண்ணும் கிடைக்கும். இதன்படி தந்தை 2, தாய் 3, தாயின் தந்தை 6, தாயின் தாய் 7 ஆவர். 2001இல் தொடங்கப்பட்ட கிராம்ப்சு என்னும் கட்டற்ற மென்பொருளில் கொடிவழியைப் பதிவுசெய்யலாம். வெவ்வேறு மென்பொருள்களுக்கிடையே தரவைப் பரிமாற 1984இல் உருவான செட்காம் வடிவம் பயன்படுகிறது.

ஒவ்வொரு செய்தியோடும் அது கிடைத்த ஆவணத்தின் பெயர், கோப்பு எண், பக்கம், பார்த்த நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பிறர் இணையத்தில் ஏற்றியுள்ள கொடிவழிகளை மூலம் பாராது படியெடுப்பதால், ஒருவர் செய்த பிழை பல குடும்பங்களில் பரவுகிறது. அவற்றைத் துப்பாகக் கொள்ளலாம், சான்றாகக் கொள்ளலாகாது. தரவுத்தளமும் படியெடுப்பே ஆதலால், இயலுமாயின் மூலப் பதிவேட்டின் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

கருத்து வேறுபாடுகள்

கப்பல் பதிவேட்டின் சாதிக் குறிப்பை எவ்வாறு கையாள்வது என்பது விவாதத்துக்குரியது. ஊரில் உறவினரைத் தேட அது உதவும் என்பர் சிலர். நேட்டாலில் பல தலைமுறைகளாக மங்கிப்போன வேறுபாட்டை அது மீண்டும் கிளறும் என்பர் வேறு சிலர். குறிப்பை நீக்கிவிட்டு ஆவணத்தை வெளியிடுவது ஆவணத்தைத் திரிப்பதாகும். ஆனால் உயிரோடு இருப்போரின் பெயரோடு அதனை இணையத்தில் வெளியிடுவது அவர்களின் தனியுரிமையைப் பாதிக்கும். உயிரோடு இருப்போரின் விவரங்களை மறைத்து வெளியிடுவது பெரும்பாலான தளங்களின் வழக்கமாகும்.

பிற நாடுகளில்

மொரிசியசுக்கு 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் தொழிலாளர் சென்றனர். அவர்களின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860கள் முதல் எடுக்கப்பட்ட தொழிலாளரின் ஒளிப்படங்களும் அங்கு உள்ளன. பிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் சென்றனர். சென்னையிலிருந்து 1903 முதல் கப்பல்கள் சென்றன. பிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் டொபாகோ ஆகிய நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் 2011இலும், மொரிசியசின் ஆவணங்கள் 2015இலும் யுனெசுக்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற தமிழர் பெரும்பாலும் கங்காணி முறையில் சென்றனர். அவர்களுக்கு இத்தகைய ஆள்வாரியான பதிவுகள் மிகக் குறைவு. இதனோடு ஒப்பிடுகையில், நேட்டாலுக்குச் சென்ற எளிய தொழிலாளர் ஒருவரின் தந்தை பெயரும் ஊரும் நூறாண்டுகளுக்கு மேலாகியும் எழுத்தில் எஞ்சியிருப்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

- தென்னாபிரிக்கத் தமிழர்
- ஒப்பந்தக் கூலிமுறை
- கங்காணி முறை
- ஆப்பிரவாசி படித்துறை
- தில்லையாடி வள்ளியம்மை